துப்பாக்கிக்குத் தப்பி, கலப்பில் கரைந்த பூனை

நெல் கொட்டி வைத்திருக்கிற வீட்டுக்கு எலி வரும். எலி வருகிற வீட்டுக்குப் பூனை வரும். இது யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் அல்ல. இன்றைக்கு அந்தப் பூனையைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன். “என்னங்க இது, உரம், மருந்து, விதைன்னு சொல்ல வேண்டிய நேரத்துல பூனைக் கதை பேச வந்துட்டீங்களே” என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் யாராவது கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க. கதை பூனையில் ஆரம்பித்தாலும், அது போய் முடிகிற இடம் நம்ம மாட்டுக் கொட்டகையும் விதைக் குதிரும்தான்.

பூனை நம்மிடம் வந்த விதம்

ஆட்டையும் மாட்டையும் மனிதன் பிடித்து வந்து கட்டினான். பூனையை யாரும் பிடித்துக் கட்டவில்லை. மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் மனிதன் கோதுமையும் பார்லியும் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கியபோது, தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடி அந்த நாட்டுக் காட்டுப்பூனை வந்தது. வந்த பூனையால் தொல்லை இல்லை, லாபம்தான் என்று மனிதன் கண்டான். இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. ஆக, பூனை உழவன் வீட்டுக்குத் தானாக வந்த விருந்தாளி.

சைப்ரஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே சுமார் 9500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியைத் தோண்டினார்கள். ஒரு மனிதரின் எலும்புக்கூடு இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடந்தது. இந்தச் செய்தி 2004-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அந்தத் தீவுக்கென்று சொந்தப் பூனை இனம் கிடையாது. அப்படியானால் யாரோ படகில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுபோயிருக்க வேண்டும். அந்தக் காலத்திலேயே உழவன் குடிபெயரும்போது விதையோடு பூனையையும் எடுத்துப் போயிருக்கிறான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இன்றைக்கு உலகம் முழுக்க வீடுகளில் இருக்கிற பூனைகள் எல்லாம் இந்தக் காட்டுப்பூனையின் வழிவந்தவைதான். இதே இனத்துக் காட்டுப்பூனை நம் நாட்டிலும் ராஜஸ்தான், கட்ச் பாலைநிலங்களில் இன்றும் உண்டு.

ஸ்காட்லாந்தின் காட்டுப்பூனை

இனிமேல்தான் நம்முடைய கதை ஆரம்பிக்கிறது. ஐரோப்பாக் காடுகளில் வேறொரு காட்டுப்பூனை உண்டு. வீட்டுப்பூனைக்கு அது தூரத்துப் பங்காளி. உடம்பு தடிப்பு, ரோமம் அடர்த்தி, பழுப்பு நிறத்தில் கறுப்பு வரிகள். வால் குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும். வாலில் வளையம் வளையமாகக் கறுப்புப் பட்டை. நுனி கூராக இல்லாமல் உலக்கை முனைபோல் மொட்டையாக, கறுப்பாக இருக்கும். ஆளைக் கண்டால் ஓடி ஒளிந்துகொள்ளும். குட்டியாகப் பிடித்து வந்து பாலூட்டி வளர்த்தாலும் பழகாது.

பிரிட்டன் தீவில் இந்தப் பூனை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்தது. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்னால், ரோமானியர் காலத்தை ஒட்டி, வீட்டுப்பூனையும் அங்கே வந்து சேர்ந்தது. அதன்பிறகு காட்டில் ஒன்று, களஞ்சியத்தில் ஒன்று என்று இரண்டும் பக்கம் பக்கமாக வாழ்ந்தன. ஆனால் ஒன்றோடு ஒன்று அதிகம் கலக்கவில்லை. பழைய எலும்புகளிலிருந்து மரபணுவை எடுத்துச் சோதித்த விஞ்ஞானிகள் 2023-ஆம் ஆண்டு இதை உறுதிப்படுத்தினார்கள். ஏறத்தாழ 2000 ஆண்டுகள் ஒரே தீவில் இருந்தும் இரண்டு இனமும் தனித்தனியாகவே இருந்திருக்கின்றன. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

198 தலைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் மலைநிலங்களில் பெரிய பெரிய நிலப்பிரபுக்கள் வேட்டைக்காடு வளர்த்தார்கள். நம்ம ஊர்க் கௌதாரி மாதிரி ஒரு காட்டுக்கோழி அங்கே உண்டு. பணக்காரர்கள் வந்து அதைச் சுட்டு விளையாடுவதற்காகவே ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை ஒதுக்கி வைத்தார்கள். அந்தக் கோழியைத் தின்கிற பிராணி எதுவாக இருந்தாலும் அது பகையாளி. அதை ஒழிப்பதற்கென்றே துப்பாக்கியும் கண்ணியும் கொடுத்துக் காவல்காரர்களை வைத்தார்கள்.

கிளென்கேரி என்ற ஒரு வேட்டைக்காட்டில் 1837-லிருந்து 1840 வரை கொன்ற பிராணிகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் காட்டுப்பூனை மட்டும் 198 என்று எழுதியிருக்கிறது. ஒரே ஒரு எஸ்டேட், மூன்று நாலு வருஷக் கணக்கு இது. இப்படி ஊர் ஊராக நடந்தால் எந்த இனம் மிஞ்சும்? அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காட்டுப்பூனை அடியோடு அற்றுப்போயிற்று. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைகளில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு 1914-இல் உலக யுத்தம் வந்தது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த காவல்காரர்களெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். பூனைக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. யுத்தம் முடிந்து 1919-இல் அரசாங்கம் வனத்துறை ஒன்றை ஏற்படுத்தி, வெட்டிய காடுகளில் மரம் நடத் தொடங்கியது. ஒளிந்துகொள்ள இடமும் கிடைத்தது. பூனை மெல்ல மெல்லப் பழைய இடங்களுக்குப் பரவிற்று. “ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்” என்று நாம் சொல்லுவோமே, அதுபோல.

சத்தமில்லாமல் வந்த ஆபத்து

ஆனால் அந்தக் காலம் நிலைக்கவில்லை. இந்த முறை ஆபத்து துப்பாக்கியில் வரவில்லை, வீட்டுப்பூனை ரூபத்தில் வந்தது.

காட்டுப்பூனை பரவியது உண்மை. ஆனால் எண்ணிக்கை அடர்த்தியாக இல்லை. மலைக்கு ஒன்று, பள்ளத்தாக்குக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்தது. பருவம் வந்த கடுவன் பூனைக்குத் தன் இனத்துப் பெட்டை கிடைப்பது அரிதாயிற்று. அதே சமயம் அடிவாரத்துப் பண்ணைகளில் யாருக்கும் சொந்தமில்லாத வீட்டுப்பூனைகள் பெருகிக் கிடந்தன. எலி பிடிக்கட்டும் என்று களஞ்சியத்தில் விட்டிருப்பார்கள். சோறு வைப்பதும் இல்லை, குட்டி போடுவதைத் தடுப்பதும் இல்லை. சொந்த இனத்தில் ஜோடி கிடைக்காத காட்டுப்பூனை, கிடைத்ததோடு சேர்ந்தது. 2000 ஆண்டு கலக்காதிருந்த இரண்டு இனமும் 1950, 1960-களிலிருந்து வேகமாகக் கலந்தன.

இதன் கணக்கு உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி சினை ஊசி போட்டால் பிறக்கிற கன்றில் பாதி நாடு, பாதி ஜெர்சி. அந்தக் கன்று வளர்ந்ததும் அதற்கும் ஜெர்சி ஊசியே போட்டால் நாட்டு ரத்தம் கால் பங்கு. அடுத்த ஈற்றில் அரைக்கால். நாலைந்து தலைமுறையில் நாட்டு மாட்டின் அடையாளம் கரைந்துவிடும். மாட்டையாவது நாம் கணக்குப் பார்த்துச் செய்கிறோம். பூனைக்கு யார் கணக்குப் பார்த்தது?

வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் இதில் பெரிய சங்கடம். கலப்புப் பூனையும் வரிப்பூனைதான், அதுவும் காட்டில்தான் திரிகிறது. கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரியும். அசல் பூனைக்கு முதுகில் ஓடும் கறுப்புக்கோடு வால் தொடங்குகிற இடத்தில் நின்றுவிடும். கலப்பில் அது வால்மீதும் ஓடும். அசலுக்கு வால் மொட்டை. கலப்புக்கு வால் நுனி சிறுத்துப்போகும். இதையெல்லாம் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? “மலையில் பூனை இருக்கிறது” என்று எல்லோரும் திருப்தியாக இருந்துவிட்டார்கள்.

கலப்பு முழுக்கக் கெடுதல்தான் என்றும் சொல்ல முடியாது. வீட்டுப்பூனைகளோடு வருகிற நோய்களைத் தாங்கும் சக்தி சம்பந்தப்பட்ட மரபணுக்கள் கலப்புப் பூனைகளுக்கு வந்திருப்பதாக 2023-ஆம் ஆண்டின் ஆராய்ச்சி காட்டுகிறது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை, இனமே போய்விட்டது. மகசூல் கூடியது, ஆனால் விதை தொலைந்துபோயிற்று என்றால் அது லாபமா நஷ்டமா, நீங்களே சொல்லுங்கள்.

இல்லாத சிறுத்தை

இதே காலத்தில் பிரிட்டனில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. சிறுத்தையும் சிங்கமும் காட்டில் வாழாத நாடு அது. அந்த நாட்டில் “கன்றுக்குட்டி உயரம் கறும்புலி பார்த்தேன்” என்று ஜனங்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

இது முழுக்கப் புதுசும் அல்ல. வில்லியம் காபெட் என்று ஒருவர், குடியானவர் வீட்டுப் பிள்ளை, 1763-இல் பிறந்தவர். உழவர்கள் நிலைமையைக் குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதியவர். 1830-இல் வெளியான தமது புத்தகத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். சிறு பையனாக இருந்தபோது, சர்ரே மாவட்டத்தில் ஒரு பாழடைந்த மடத்துக்குப் பக்கத்தில், நடுத்தர நாய் அளவு பூனை ஒன்று மரப்பொந்துக்குள் நுழைவதைப் பார்த்தாராம். பொய் சொல்கிறான் என்று வீட்டில் வசவும் அடியும் கிடைத்ததே தவிர, அவர் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் சிப்பாயாகக் கனடாப் பக்கம் போனபோது அங்கத்திய காட்டுப்பூனையைப் பார்த்து, நான் பார்த்தது இதே மாதிரிதான் என்று எழுதினார். கண்ணால் கண்டதைச் சொன்னதற்கு அடி வாங்குவது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

அதே சர்ரே மாவட்டத்தில் 1960-களில் பூமா என்ற அமெரிக்க மலைச்சிங்கத்தைப் பார்த்ததாக ஏகப்பட்ட பேர் போலீஸில் சொன்னார்கள். காடல்மிங் ஊர்ப் போலீஸ் நிலையத்தில் இதற்கென்று தனியாகப் பதிவேடு வைக்கும்படி ஆயிற்று. 1983-இல் எக்ஸ்மூர் என்ற மேட்டுநிலத்தில் ஒரு விவசாயி, மூன்று மாசத்தில் நூறு ஆட்டுக்கு மேல் போய்விட்டது என்று முறையிட்டார். அரசாங்கம் கடற்படைச் சிப்பாய்களையே துப்பாக்கியோடு அனுப்பிப் பதுங்கிக் காக்க வைத்தது. அவர்கள் கையில் எதுவும் சிக்கவில்லை.

1995-இல் கார்ன்வால் மாவட்டத்தில் பாட்மின் என்ற இடத்தில் இதே புகார். இந்தத் தடவை விவசாய அமைச்சகமே விசாரணை வைத்தது. ஜனங்கள் எடுத்த படங்களை, அதே இடத்தில் அளவுகோலை நட்டு வைத்து ஒத்துப் பார்த்தார்கள். பெரிய புலி என்று சொன்னதில் பல, வீட்டுப்பூனை உயரம்தான் இருந்தது. வெட்டவெளிப் பொட்டலில் ஒரு பூனை நின்றால், பக்கத்தில் மரமோ ஆளோ இல்லாதபோது அது கிட்டே நிற்கும் சின்னதா, தூரத்தில் நிற்கும் பெரிசா என்று கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சிறுத்தை இருப்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை, இல்லவே இல்லை என்றும் நிரூபிக்க முடியாது என்று அமைச்சகம் எழுதி முடித்தது.

அந்த அறிக்கை வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பக்கத்து ஆற்றில் ஒரு பையனுக்கு மண்டை ஓடு ஒன்று கிடைத்தது. பெரிய பல்லோடு இருக்கிறது. “பார்த்தீர்களா, இருக்குதா இல்லையா?” என்று ஊரே கூடிற்று. லண்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் சோதித்துப் பார்த்து, சிறுத்தை மண்டைதான், சந்தேகம் இல்லை என்றார்கள். ஆனால் உள்ளே வெப்பநாட்டுக் கரப்பான்பூச்சி ஒன்றின் முட்டைக்கூடு ஒட்டியிருந்தது. அந்தக் கரப்பான் இங்கிலாந்துக் குளிரில் வெளியில் வாழாது. மண்டையின் பின்பக்கம் கத்தியால் வெட்டப்பட்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து யாரோ பங்களாவில் விரிக்கக் கொண்டுவந்த புலித்தோல் விரிப்பு மாதிரியான ஒன்றின் தலை அது!

பார்த்ததெல்லாம் பொய்யா?

அப்படியும் சொல்லிவிடக் கூடாது. அந்த நாட்டில் 1976 வரைக்கும் சிங்கக்குட்டி, சிறுத்தைக்குட்டியை யார் வேண்டுமானாலும் வாங்கி வளர்க்கலாம். லண்டனில் ஹாரட்ஸ் என்ற பெரிய கடையில் 1969-இல் இரண்டு இளைஞர்கள் ஒரு சிங்கக்குட்டியை விலைக்கு வாங்கினார்கள் என்பது பிரசித்தமான சங்கதி. அந்தச் சிங்கம் பிறகு ஆப்பிரிக்காவில் கென்யா காட்டுக்குக் கொண்டுபோய் விடப்பட்டது. 1976-இல் ஆபத்தான விலங்குகள் சட்டம் வந்தது. உரிமம், கூண்டு, காப்பீடு என்று செலவு ஏறியது. அப்போது சிலர் இரவோடு இரவாக வளர்த்ததை அவிழ்த்து விட்டிருப்பார்கள் என்ற பேச்சு இன்றும் உண்டு.

அதற்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. 1980-இல் ஸ்காட்லாந்தில் கேனிக் என்ற ஊர்ப்பக்கம், ஆடு போகிறதே என்று ஒரு விவசாயி கூண்டு வைத்தார். கூண்டில் நிஜமாகவே ஒரு பூமா விழுந்தது. ஆனால் அது சீறவில்லை. கொழுகொழுவென்று இருந்தது, ஆள் தடவிக்கொடுத்தால் சந்தோஷப்பட்டது. யாரோ வீட்டில் வளர்த்தது என்பது அப்போதே பலருக்கும் விளங்கிவிட்டது. அதைப் பக்கத்தில் உள்ள ஹைலேண்ட் வனவிலங்குப் பூங்காவில் வைத்துக் காப்பாற்றினார்கள். 2001-இல் லண்டன் பட்டணத்துக்குள்ளேயே, வீட்டுத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு லின்க்ஸ் காட்டுப்பூனையை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள்.

மூன்றாவதாக ஒன்றும் அகப்பட்டது. 1984-இல் வடக்கு ஸ்காட்லாந்தில் கெல்லஸ் என்ற கிராமத்தில் ஒரு கறுப்புப் பூனை கிடைத்தது. நீளக் கால், மெலிந்த உடம்பு, வாலோடு சேர்த்து சுமார் மூன்றரை அடி. அந்தப் பக்கத்துக் கிழவிகள் பல தலைமுறையாக, மார்பில் வெள்ளைப் பொட்டு வைத்த மாயக் கறும்பூனை என்று கதை சொல்லுவார்கள். அது இதுதானோ என்று எல்லோரும் மலைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தால் அது மாயமும் அல்ல, புது இனமும் அல்ல. காட்டுப்பூனையும் வீட்டுப்பூனையும் கலந்த கலப்பு!

இப்போது இரண்டு கதையும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டது, பாருங்கள். ஜனங்கள் இருட்டில் கண்டு மிரண்ட கறும்புலிகளில் ஒன்று, தங்கள் களஞ்சியத்துப் பூனையின் பேரப்பிள்ளை! இல்லாத சிறுத்தையைத் தேடப் பட்டாளம் போயிற்று, பத்திரிகைகள் பரிசு அறிவித்தன. இருந்த காட்டுப்பூனை கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க ஆள் இல்லை. காட்டுப்பூனையைக் கொல்லக் கூடாது என்ற சட்டம் 1988-இல்தான் வந்தது. சட்டம் துப்பாக்கியைத் தடுக்கும்; கலப்பைத் தடுக்குமா? 2019-இல் உலக நிபுணர்கள் கூடிக் கணக்குப் பார்த்து, ஸ்காட்லாந்தின் காட்டுப்பூனைக் கூட்டம் இனித் தானாகப் பிழைக்க வழியில்லை என்று கைவிரித்தார்கள்.

வேண்டுமென்றே செய்த கலப்பு

அங்கே கலப்புத் தற்செயலாக நடந்தது. அமெரிக்காவில் அதையே ஆசைக்காகச் செய்தார்கள். ஆசியக் காடுகளில் சிறுத்தைப்பூனை என்று ஒன்று உண்டு. வீட்டுப்பூனை அளவுதான், உடம்பெல்லாம் சிறுத்தை மாதிரி புள்ளி. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது. ஜீன் மில் என்ற அமெரிக்கப் பெண்மணி 1960-களில் இந்தப் பூனையை வளர்த்தார். அது வீட்டுக் கடுவனோடு சேர்ந்து குட்டி போட்டது. பிறகு 1980-களில் அவர் முறையாகக் கலப்பு செய்து, ‘பெங்கால்’ என்ற புள்ளிப்பூனை இனத்தை உண்டாக்கினார். அதில் நம் நாட்டுப் பங்கும் உண்டு. டில்லி மிருகக்காட்சி சாலையில் காண்டாமிருகத்தின் கொட்டிலில் திரிந்த ஒரு தெருப்பூனையின் நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, அதையும் 1982-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கலப்பில் சேர்த்தார்கள்.

அடுத்து 1986-இல் ஆப்பிரிக்காவின் செர்வல் என்ற நெட்டைக்கால் காட்டுப்பூனைக்கும் வீட்டுப்பூனைக்கும் ஒரு குட்டி பிறந்தது. அதிலிருந்து ‘சவானா’ என்ற இனம் வந்தது. இந்தக் கலப்புகளில் முதல் சில தலைமுறைக் கடுவன்கள் மலடாகவே பிறக்கின்றன. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை மாதிரி. முதல் தலைமுறைக் குட்டிகளுக்கு மூச்சில் பாதி காடுதான். பழகாது, மூலை முடுக்கெல்லாம் மூத்திரம் பீச்சும், பயந்து பதுங்கும். ஆஸ்திரேலியா நாட்டு அரசாங்கம் 2008-இல் சவானா பூனையை நாட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்று தடை போட்டது. அவ்வளவு பெரிய வேட்டைப்பூனை வெளியே தப்பினால், அந்த நாட்டுச் சின்னப் பிராணிகள் கதி என்ன ஆகும் என்ற கவலைதான் காரணம்.

பட்டணத்துக் கடைகளில் புள்ளிப்பூனைக்கு நல்ல விலை உண்டு என்று கேட்டு, மலையடிவாரத்தில் யாராவது காட்டுப்பூனைக்குட்டியைப் பிடிக்க நினைத்தால், வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கரும்புக் காட்டிலும் புதரிலும் தனியாகக் கிடக்கிற குட்டியை அநாதை என்று எண்ணி வீட்டுக்கு எடுத்து வருவதும் தவறு. தாய் இரை தேடப் போயிருக்கும். குட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு நாம் விலகிக்கொள்ள வேண்டும். தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விடும். ஒரு நாள் பொழுதாகியும் வராவிட்டால் வனத்துறைக்குச் சொல்லலாம்.

ஆட்டுப்பட்டியில் சந்தேகம் வந்தால்

எக்ஸ்மூர் விவசாயிக்கு வந்த கஷ்டம் நமக்கும் வருவதுதான். அவர் நாட்டில் சிறுத்தை இல்லை. நம்ம மலையோரங்களில் நிஜமாகவே இருக்கிறது. ஆனாலும் செத்த ஆடெல்லாம் சிறுத்தை அடித்தது ஆகாது. முதலில் ஆட்டைப் பாருங்கள். சிறுத்தை குரல்வளையைக் கவ்வி ஒரே ஆட்டைக் கொல்லும், இழுத்துப் போய் மறைவில் வைத்துத் தின்னும். நாய்க்கூட்டம் பின்காலையும் தொடையையும் குதறும். பல ஆட்டைக் கடித்துப் போட்டுவிட்டுத் தின்னாமலே போகும். அடுத்து மண்ணில் தடம் பாருங்கள். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே தடம் வட்டமாக, நகக்குறி இல்லாமல் இருக்கும். நாய்த் தடம் நீண்டிருக்கும், முன்னால் நகக்குறி தெரியும். தடத்தைக் கால் படாமல் ஒரு கூடையைக் கவிழ்த்து மூடி வைத்து, வனத்துறை ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நஷ்டஈடு கேட்பதற்கும் அதுதான் சாட்சி. கோபத்தில் செத்த ஆட்டில் விஷம் வைத்துவிடாதீர்கள். அதைத் தின்று முதலில் சாவது நம்ம வீட்டு நாயும், எலியைப் பிடிக்கிற காட்டுப்பூனையும், பருந்தும்தான்.

ஆமாம், கரும்புக் காட்டிலும் வரப்போரத்திலும் பதுங்குகிற காட்டுப்பூனை எலி தின்றுதான் பிழைக்கிறது. எப்போதாவது ஒரு கோழியைத் தூக்கலாம். அதற்குக் கூண்டை இறுக்கிக் கட்டுவதுதான் வழி, பூனையை ஒழிப்பதல்ல.

கடைசியாக ஒன்று

ஸ்காட்லாந்துக் கதை முழுக்கத் துக்கத்தில் முடியவில்லை. மிச்சமிருந்த நல்ல பூனைகளைப் பொறுக்கியெடுத்து, மரபணு பார்த்து, பூங்காவில் இனம்பெருக்கினார்கள். எந்தப் பூங்கா தெரியுமா? அந்தக் கொழுத்த பூமாவை வைத்துக் காப்பாற்றிய அதே ஹைலேண்ட் பூங்காதான். 2023-இல் கெய்ர்ன்கார்ம் மலைக்காட்டில் 19 பூனைகளைக் கழுத்தில் கருவி கட்டி விட்டார்கள். 2024-இல் அவை காட்டில் குட்டி போட்டிருப்பதைக் கண்டார்கள். ஆனால் பூனையை விடுவதற்கு முன்னால் அவர்கள் செய்த வேலைதான் முக்கியம். சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்குப் போய், குடியானவர்களோடு பேசி, களஞ்சியப் பூனைகளுக்குக் கருத்தடை ஆபரேஷனும் தடுப்பூசியும் செய்தார்கள். விவசாயி கை கொடுக்காவிட்டால் காட்டுப்பூனை திரும்ப வந்திருக்காது.

விதைக் கம்பு போடுகிறவர்களுக்கு இது புதுசு அல்ல. பக்கத்து வயலில் வேறு ரகக் கம்பு இருந்தால், குறைந்தது 200 மீட்டராவது பயிர் விலகு தூரம் விடுகிறோம். இல்லாவிட்டால் மகரந்தம் கலந்து விதை கெட்டுப்போகும். கதிரைப் பார்த்தால் தெரியாது, அடுத்த போகத்தில்தான் தெரியும். அதுமாதிரிதான் நம்ம காங்கேயம் மாடும், உம்பளச்சேரி மாடும். பாலுக்குக் கலப்பு மாடு வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரில் உள்ள எல்லாப் பசுவுக்கும் அதே ஊசியைப் போட்டுவிட்டு, இருபது வருஷம் கழித்து நல்ல பூச்சிக்காளை எங்கே என்று தேடினால் கிடைக்குமா? ஊருக்கு நாலு வீடாவது அசல் இனத்தை அசலாக வைத்திருக்க வேண்டும். அதுதான் அந்த ஊரின் விதைக் குதிர்.

சுட்டுக் கொன்றால் சத்தம் கேட்கும், நாலு பேர் ஓடி வருவார்கள். கலந்து கரைகிறபோது சத்தமே கேட்காது. இன்றைக்குச் சாயங்காலம் கொட்டகையில் மாட்டைக் கட்டும்போது, அதன் தாய் எது, தாயின் தாய் எது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எண்ண முடிந்தால், காப்பாற்றவும் முடியும்.